படத்தில் இல்லாத கொடிக்கயிறு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான். [கதை எல்லாமே பொய்தானே என்று தத்துவம் பேசப் போவதில்லை. இது சாதாரணமான, சில்லறைத்தனமான பொய். ஒரு வார்த்தைதான் நீளம்.]

போத்தனூரில் ராமாமணியம்மாள் என்று ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவர். அவர் வீட்டு முன்வாசலில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தக் கூடு கீழே விழுந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள். "காக்காங்க" என்று அவரிடம் சொன்னேன். நம்பினார். இந்த வரியை எழுதும்போதும் நம்புகிறார்.

போய் உண்மையைச் சொல்வதா, இப்படியே விட்டுவிடுவதா என்பதைத் தவிர இந்தக் கதையில் வேறு எதுவும் கிடையாது. யானை, சிறுத்தை, வால்பாறை மூடுபனி எதிர்பார்த்து ஏறியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதலில் எழுதிய தொடக்கம் வேறு.

"பனி விலகாத சிங்காநல்லூர்க் குளத்தின் மேல் தனித்ததோர் நாரை—"

நாரையை நான் பார்க்கவே இல்லை. பார்த்தது முதுகுகளை. காட்டுக்குள் ஒளிந்துகொள்ளப் பயன்படும் பச்சைப் புள்ளிச் சட்டை போட்ட முப்பது பேர், பஸ் சத்தம் கேட்கும் குளக்கரையில், ஒரே ஒரு மீன்கொத்தியைச் சுற்றி நின்றார்கள். "நகருங்க", "தலையை இறக்குங்க" என்று ஒருவரை ஒருவர் மரியாதையாகத் திட்டிக்கொண்டார்கள். மீன்கொத்தி பறந்ததும் ஒவ்வொருவரும் கேமராவின் முதுகுத் திரையைப் பார்த்துக்கொண்டார்கள். பறந்த திசையை யாரும் பார்க்கவில்லை.

அவர்களில் ஒருவர் ஈஸ்வரமூர்த்தி. மோட்டார் பம்ப் கம்பெனி முதலாளி. ஞாயிறு மட்டும் பறவைக் கலைஞர். நான் அவருடைய பை தூக்கி. அமெரிக்காக்காரர்களின் மருத்துவக் காப்பீட்டு மனுக்களை இரவெல்லாம் நிராகரிக்கும் வேலையில் இருந்து, ஒரு நாள் பாதி ஷிஃப்டில் எழுந்து வந்துவிட்டவன். வேலை போன பிறகும் தூக்கம் திரும்பவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு முழித்திருக்கிற ஆள் என்ற ஒரே தகுதியில் அவர் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

3

ஈஸ்வரமூர்த்தியை வில்லனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. ரொம்ப மரியாதையான மனிதர். பறவையிடமே ங்க போட்டுப் பேசுவார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க... ஆ, அப்பிடித்தானுங்க... கண்ணைக் காட்டுங்க சாமி."

மயில் மட்டும் அவருக்கு ஆகாது. "மயிலை எவனுங்க எடுப்பான்? தாராபுரத்துல நம்ம தோட்டத்துல கோழியாட்டம் திரியுது. சோளத்துல பாதி அதுக்குத்தான் போகுது" என்பார். அவருக்கு அரிதான பறவை வேண்டும், அல்லது சாதாரணப் பறவை அரிதான இடத்தில் வேண்டும். முக்கியமாகப் பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும். பின்னணியில் கம்பம் தெரிந்தால் அந்தப் பறவை செத்ததற்குச் சமம். [இந்த வாக்கியத்தை அடிக்க நினைத்தேன். கொஞ்சம் அதிகமாகச் சாமர்த்தியம் பேசுகிறது. இருக்கட்டும்.]

இப்படிப்பட்டவரை வில்லனாக்கினால் வாசகருக்கு வசதி, எனக்கு அதைவிட வசதி. அதனாலேயே சந்தேகமாக இருந்தது.

4

ராமாமணியம்மாள் வீட்டுக் கூடு இருந்தது அழகில்லாத இடத்தில். நீல நைலான் கயிறு. பின்னால் கரண்ட் மீட்டர் பெட்டி, அதன் கீழே காலி சிலிண்டர். ஆனால் கூடு கட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவர் அந்தக் கயிற்றில் ஒரு கைக்குட்டைகூடப் போடவில்லை. முட்டி வலியோடு மொட்டை மாடிக்கு ஏறிக் காயப்போட்டார். வாசல் விளக்கையும் போடுவதில்லை. அம்மாவின் புடவையை வாங்கப் போன என்னிடம் உதட்டில் விரல் வைத்துச் சொன்னார்:

"மெதுவாங்க தம்பி. உள்ள ரெண்டு பாப்பா இருக்குது."

இதை நான்தான் போய் ஈஸ்வரமூர்த்தியிடம் சொன்னேன்.

அவர் முழுக் காட்டு உடுப்பில் வந்து இறங்கினார். ராமாமணியம்மாள் என்னை ஓரமாக இழுத்தார்.

"சார் மிலிட்டரியா தம்பி?"

"இல்லீங்கக்கா. மோட்டார் பம்ப்பு."

ஈஸ்வரமூர்த்தி கேமராவில் கண்ணை வைத்தார், எடுத்தார், வைத்தார். "பறவை பிரமாதமுங்க. கயிறுதான் கண்ணைக் குத்துது." பிறகு வாசலோரத்து மாதுளைச் செடியைப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, கூட்டை அலுங்காம எடுத்து அந்தக் கொப்புல ஒரு பத்து நிமிசம் மாட்டிக்கலாமுங்களா? திருப்பி வெச்சுப்போடறமுங்க."

"ஊட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றனுங்க சார்" என்றார் ராமாமணியம்மாள். "இருங்க, காப்பி கொண்டாரேன்."*

*எங்கள் பக்கம் இதற்கு அர்த்தம் முடியாது என்பது. வந்தவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல எங்களுக்கு வராது. வீட்டுக்காரரையோ ஜோசியரையோ முன்னால் நிறுத்துவோம். அவர் கணவர் வெங்கடபதி ரயில்வேக்காரர், அன்றைக்கு ஊரிலேயே இல்லை. அது ஈஸ்வரமூர்த்திக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'முடியாது' என்பதை இருவரும் நன்றாகவே கேட்டோம். ராமாமணியம்மாள் உள்ளே போனார். காப்பி கொதித்து வர ஆறு நிமிடம் ஆகும்.

"அப்போது எங்களோடு வந்திருந்த கவின் என்ற இளைஞன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி—"

நிறுத்துகிறேன். கவின் என்று யாரும் வரவில்லை. மூன்று வரைவுகளாக அவனை வைத்திருந்தேன். முதல் வரைவில் அவனுக்கு ஒரு கடுக்கன் கொடுத்தேன். இரண்டாவதில், நீங்கள் வெறுப்பதற்கு வசதியாக, சூயிங்கம் கொடுத்தேன். மூன்றாவதில் காப்பி வந்தது. ராமாமணியம்மாள் கொண்டு வந்தது இரண்டு டம்ளர். எத்தனை முறை எழுதினாலும் தட்டில் மூன்றாவது டம்ளர் உட்கார மறுத்தது.

ஸ்டூலில் ஏறியது நான்.

சிலந்தி வலையும் நாரும் கயிற்றில் அத்தனை சுற்றுச் சுற்றியிருந்தன. நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கூடு கைக்கு வந்தது. ஓர் எலுமிச்சம்பழத்தின் கனம்கூட இல்லை. உள்ளே அசைந்தது. கொடியில் சும்மா கிடந்த துணி கிளிப் ஒன்றை எடுத்து, கூட்டின் தலையை மாதுளைக் கொப்போடு சேர்த்துக் கவ்வவிட்டேன்.

தாய் வந்தது. மாதுளைக்குப் போகவில்லை. கயிற்றில் கூடு தொங்கிய அதே இடத்துக்கு முன்னால், அதே உயரத்தில், வாயில் ஒரு பச்சைப் புழுவோடு, காற்றில் சிறகடித்து நின்றது. போனது. மறுபடி வந்தது. நான்கு முறை. கூடு அங்கே இருந்தது, ஐந்தடி தள்ளி. அது பார்க்கவில்லை. ஈஸ்வரமூர்த்தியின் ஷட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

"போதுமுங்கண்ணா, வெச்சுப்போடறேன்" என்றேன்.

கிளிப் கவ்விய இடத்தில் கூடு நசுங்கியிருந்தது. நூல் போட்டுக் கயிற்றில் கட்டும்போது அடிப்பக்கம் பிரிந்தது. கீழே சிமென்ட் தரை. ஒன்று விழுந்ததும் முடிந்துவிட்டது. இன்னொன்று என் விரல் நிழலைப் பார்த்து வாயைத் திறந்தது, தீனிக்கு. அதுவும் கொஞ்ச நேரம்தான்.

"ஃபோகஸ் கண்ணுலயே நிக்குது தம்பி!" என்றார் ஈஸ்வரமூர்த்தி, திரையிலிருந்து தலையெடுக்காமல்.

உள்ளே டம்ளர் சத்தம். ராமாமணியம்மாள் தட்டோடு வந்து நின்றார். அப்போதுதான் நான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். ங்க சேர்த்துத்தான் சொன்னேன்.

5

அந்தப் படம் பரிசு வாங்கியது.

பொய் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். கதைக்காக ஜோடித்தது போலத்தான் இருக்கிறது. என்ன செய்ய, நல்ல படம். வெளிச்சம் விழுந்த சிறகு, வாயில் புழு, எதிரே ஒன்றுமில்லை. ஓரத்தில் தெரிந்த கயிற்றைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். பூ இல்லாமல் தேன்சிட்டு எதற்காக அந்தரத்தில் நிற்கிறது என்று நடுவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வெற்றிடம்தான் படத்தின் கவிதை என்று ஒருவர் மைக்கில் சொன்னார். தலைப்பு: 'நம்பிக்கை'. வாட்ஸ்அப் குழுவில் இருநூறு கைகூப்பல்கள்.

பரிசளிப்பிலிருந்து திரும்பும் வழியில் காரில் கேட்டேன்: "அண்ணா, அந்தக்காகிட்ட நடந்ததைச் சொல்லிப்போடலாமுங்களா?"

"எதுக்குங்க தம்பி? அந்தம்மா பாவம், மனசு சங்கடப்படும்." உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். "அவுங்களுக்கு ஒரு பிரேம் போட்டுத் தாரேன், கொண்டுபோய்க் குடுத்துருங்க. சந்தோசப்படுவாங்க."

பிரேம் இப்போது என் அறையில், சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.

6

முடிவுகள்.

அ) குஞ்சுகள் பிழைக்கின்றன. தாய் வந்து தரையிலேயே ஊட்டுகிறது. ஒரு நாள் காலை இரண்டும் பறந்து— [நன்றாக இருக்கிறது. பத்திரிகையில் போடுவார்கள். கயிற்றை அழித்தவரை நக்கல் செய்துவிட்டு நான் சிமென்ட் தரையை அழிக்கிறேன்.]

ஆ) ஈஸ்வரமூர்த்தி மனம் திருந்திக் கேமராவை வைத்துவிட்டு மரக்கன்று நடுகிறார். [போன ஞாயிறு நஞ்சராயன் குளத்தில் கேமராவோடு இருந்தார். நன்றாக இருக்கிறார்.]

இ) நான் ஒன்றும் சொல்வதில்லை. காலம் போகிறது. எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

உண்மையில் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். கடைசி வரிவரை எழுதியாகிவிட்டது. அப்போது ராமாமணியம்மாள் போன் செய்தார்.

"தம்பி, நம்மூட்டுக் குருவிப் படம் பிரைசு வாங்கிருச்சாமா? சார் போன் பண்ணிச் சொன்னாருங்க. பிரேம் உங்ககிட்ட இருக்குதுன்னாரு."

"ஆமாங்கக்கா. கொண்டாரேன்."

"மெதுவா வாங்க, அவசரமில்லீங்க." வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "தம்பி, ஒண்ணு கேக்கறேன். நான் காப்பி போடறேன்னு உள்ள போகாம அங்கயே நின்னிருந்தா, காக்கா கிட்ட வந்திருக்குமுங்களா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மூணு வாரம் பார்த்துப் பார்த்து வெச்சிருந்தேன். ஆறு நிமிசம் கண்ணை எடுத்துப்போட்டேன். அதே நெனப்பா இருக்குதுங்க. இப்பெல்லாம் காக்காய்க்குச் சோறே வெக்கறதில்லீங்க. மாமனார் திதிக்குக்கூட வெக்கலை. ஊட்டுக்காரரு ஒரே சத்தம். வெச்சா எடுக்கத்தான் வருது, ஆனா எனக்கு மனசு வரமாட்டீங்குது."

இ-யின் கடைசி வரியை அழித்தேன். 'எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்' என்று இருந்தது.

7

இன்று காலை பிரேமைச் செய்தித்தாளில் சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு போனேன். கேட்டைத் திறந்தவர் படத்தின் ஒரு முனையைப் பிடித்தார். மறு முனை என் கையில்.

"உள்ள வாங்க தம்பி, ஏன் வெளியவே நிக்கறீங்க?"

"அக்கா, அது காக்கா இல்லீங்க. நாந்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை, அழுகை இல்லை. புரியவில்லை, அவ்வளவுதான்.

"எதுங்க தம்பி நீங்க?"

இந்த ஒன்றுக்கு நான் தயாராக இருக்கவில்லை. ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தலை குனிந்து நிற்கலாம் என்று நினைத்திருந்தேன். முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஸ்டூலை, நகத்தை, அவர் வீட்டுக் கிளிப்பை, வாயைத் திறந்த அந்த இரண்டாவதை. அவர் படத்தை விடாமல் காத்திருந்தார்.

சொன்னேனா என்றால், சொன்னேன். எல்லாவற்றையும். அவர் பதிலும் சொன்னார். அதை எழுத மாட்டேன். இந்தக் கதையில் காக்கைமேல் பழி போட்டிருக்கிறேன், இல்லாத கவினைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். அவர் சொன்னதை என் கையால் தொட்டால் எனக்கேற்றபடி திருப்பி வைத்துவிடுவேன்.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவர் மன்னித்தார் என்று மட்டும் எழுத வேண்டாம். போவதற்கு முன்னால் நான் அதை நான்கு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். நன்றாகவே வருகிறது.