முப்பத்தெட்டாம் எண் தாள்

எல்லாம் அந்தப் பதினான்காம் நாளால் வந்த வினை.

மருத்துவ ஆராய்ச்சி செய்கிறவர்களை ஜனங்கள் எவ்வளவு தூரம் நம்புகிறார்கள் என்று அளக்க, வேற்று மொழியில் ஒரு வினாத்தாள் இருந்தது. பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘கொஞ்சமும் நம்பவில்லை’ முதல் ‘முழுதாக நம்புகிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். அதைத் தமிழாக்கியவளுக்கு ஆஸ்பத்திரியில் ‘கேள்விக்காரி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. எட்டு மாதம் ஒவ்வொரு வரிக்கும் குழுவோடு மல்லுக்கட்டினாள். அந்தத் தமிழ்த் தாளுக்கு இரண்டு தடவையும் ஒரே மாதிரி பதில் வருகிறதா என்று பார்க்க, ஏற்கெனவே பதில் சொன்ன அதே நாற்பது பேர் பதினான்காம் நாள் வந்து அதே தாளை மறுபடி நிரப்ப வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் எல்லாரையும் முதலிலிருந்து கூப்பிட வேண்டியதுதான் என்று பெரிய டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

முப்பத்தொன்பது பேர் வந்து போய்விட்டார்கள். முப்பத்தெட்டாம் எண் மட்டும் பாக்கி. ஓய்வுபெற்ற தபால்காரர். காலை பத்து மணியிலிருந்து போன் அடித்தாள், சுவிட்ச் ஆஃப். வராண்டாவை எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். சாப்பாட்டு நேரம், அறையில் ஈ காக்கா இல்லை. அவருடைய பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுத் தாள் ஒன்றை அவளே நிரப்பினாள். அப்படியே பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்ற அளவுக்கு மூளை வேலை செய்தது. இரண்டு கேள்விகளில் மட்டும் ஒரு கட்டம் தள்ளி டிக் போட்டு, கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டாள். கை நடுங்கவில்லை. பிற்பாடு அவளை அரித்தது அதுதான்.

மூன்று மணிக்குப் பெரிய டாக்டர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“அசத்திட்டீங்கம்மா! ரெண்டு தடவை சொன்னதும் அவ்ளோ ஒத்துப்போகுது. ரிப்போர்ட்டை நாளைக்கே அனுப்பிடலாம்.”

“தேங்க்ஸ் சார்” என்றாள். வேறென்ன சொல்வாள்?

நாலேகாலுக்குத் தபால்காரர் வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் சொந்தப் பேனா.

“மன்னிச்சிடும்மா, லேட்டாயிடுச்சு. தேதி இன்னைக்குத்தானே? முப்பது வருஷம் ஒரு கடுதாசியைத் தாமசம் பண்ணினவன் இல்ல. உன் விஷயத்துல தவறுவேனா?”

அவளுக்குக் காது வரை சுட்டது. வேலை முடிந்துபோயிற்று என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அதை விட்டு வெற்றுத் தாள் ஒன்றை நீட்டினாள். ஆள் போனதும் கிழித்துப் போட்டுவிடலாம் என்று எண்ணம். பாவி மனம் எவ்வளவு சீக்கிரம் வழி கண்டுபிடிக்கிறது பாருங்கள்!

மனுஷர் அவசரப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். ஒவ்வொரு கேள்வியையும் உதடு அசையப் படித்தார், கூரையைப் பார்த்து யோசித்தார், அப்புறம்தான் டிக். குப்பைக்குப் போகப் போகிற தாளுக்கு இத்தனை பாடு. எதிரே இருந்தவளுக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஏழாவது கேள்வியில் நிமிர்ந்தார். “போன தடவை எல்லாத்துக்கும் நடுவாந்தரமாத்தான் போட்டேன். இப்ப அஞ்சாவது கட்டம் போடுறேன். பரவாயில்லையா?”

“உங்களுக்குத் தோணுறதைப் போடுங்கய்யா.”

“மனசு மாறிடுச்சும்மா. வீட்டுக்காரிக்குக் கிட்னி கோளாறு. புது மருந்து சோதனையில சேருங்கன்னு மேல் மாடில கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவளுக்கு பயம், எனக்கும்தான். அன்னைக்கு இங்கேருந்து போய் அவகிட்ட சொன்னேன். ‘நாம நம்புறோமா இல்லையான்னு தெரிஞ்சுக்கவே ரெண்டு தடவை கூப்பிட்டுக் கேக்குறாங்க. இவ்ளோ பொறுப்பா இருக்கிறவங்க மருந்துல ஏமாத்துவாங்களா?’ன்னேன். இன்னைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுட்டா. அப்புறம் ஒவ்வொரு டெஸ்டா எடுத்து முடிக்க இவ்ளோ நேரம். அங்க போனை அணைச்சு வெக்கச் சொல்லிட்டாங்க. நாளைக்கு முதல் ஊசி.”

ஒரே ஒரு தாள்தானே என்று மதியத்திலிருந்து அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சமாதானம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மேல் மாடிக்காரர்கள் யோக்கியர்களாகவே இருக்கலாம், மருந்தும் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டது இந்த அறையை நம்பி.

“ஐயா, உங்க தாளை மத்தியானமே நான் நிரப்பிட்டேன்.”

“என் தாளையா? நான் வரவே இல்லையேம்மா?”

“வரமாட்டீங்கன்னு நினைச்சேன். பழசைப் பாத்து நானே போட்டுட்டேன். கம்ப்யூட்டர்லயும் ஏத்தியாச்சு. இதை... நீங்க போனதும் கிழிச்சிடலாம்னு இருந்தேன்.”

திட்டுவார் என்று பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“மேல் மாடிலயும் இப்படித்தான் செய்வாங்களா?”

“தெரியாதுங்கய்யா. செய்ய மாட்டாங்கன்னு சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. நான் பண்ணினதை இப்பவே டாக்டர்கிட்ட சொல்லிடுறேன். வேலை போனாலும் போகட்டும்.”

“அது உன் பாடு.” குரல் உயரவில்லை. “அவ போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா?”

“முடியும். எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். காரணம்கூட சொல்ல வேண்டாம்.”

அவர் எழுந்தார். கதவு வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

“நீயும் வா. வந்து நீயே அவகிட்ட சொல்லு.”

“நானா?”

“நான் சொன்னா நம்ப மாட்டா. உன்னைப்பத்தி அவ்ளோ நல்லவிதமா சொல்லி வெச்சிருக்கேன்.”