பிடிமண் கொண்டு வந்தவர்

நிச்சயதார்த்தப் பந்தியில் இரண்டாம் தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், மாரித்தாய்க்குப் பார்த்த மாப்பிள்ளை அவளுக்கு அண்ணன் ஆகிப்போனான்.

ஆக்கியவர் பூசாரி பெத்தணன். உப்போடை அய்யனார் கோயிலில் தலைமுறை தலைமுறையாகப் பூசை வைக்கிற குடும்பம். மாப்பிள்ளை வீட்டாரோடு வில்வண்டியில் வந்திருந்தார். சாப்பிடுகிற மனுஷர் சும்மா சாப்பிட்டிருக்கலாம். பேச்சுக்குப் பேச்சாக, "உங்களுக்குக் குலசாமி எங்கன இருக்கு?" என்று மாரித்தாயின் தகப்பனார் கண்ணுச்சாமியைக் கேட்டார்.

"இந்தக் கருவேலம்பட்டிலயேதான். கம்மாய்க்கரை அய்யனார்."

பெத்தணன் உருட்டிய சோற்றை இலையிலேயே வைத்தார். "கம்மாய்க்கரையா? அது எங்க உப்போடையில இருந்து பிடிமண் எடுத்து வச்ச கோயிலாச்சே. எங்கய்யா சொல்லிக் கேட்டிருக்கேன். அப்ப ரெண்டு வீடும் பங்காளிகளுல்ல!"

அவ்வளவுதான். பந்தியில் ஒரு கை அசையவில்லை.

ஊரை விட்டுப் போகிறவன் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் அள்ளி மடியில் கட்டிக்கொண்டு போவான். போன இடத்தில் அந்த மண்ணைப் போட்டு, மேடை கட்டி, அதையே சாமியாகக் கும்பிடுவான். எத்தனை ஊர் தள்ளிப்போனாலும் ஒரே மண்ணைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி. இதில் பேரம் பேச இடமே கிடையாது. பெண் கேட்டு வந்தபோது இதையெல்லாம் விசாரிக்காமல் இல்லை. அந்த வீடு உப்போடை அய்யனார் என்றது, இந்த வீடு கம்மாய்க்கரை அய்யனார் என்றது. அய்யனார் இல்லாத கம்மாய் இந்தச் சீமையில் எங்கே இருக்கிறது? வேறு வேறு சாமி என்று இரு வீட்டாரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். பூசாரியை ஒரு வார்த்தை கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

தாம்பூலத் தட்டு மாறவில்லை. வண்டிகள் திரும்பிப் போன பிறகு கண்ணுச்சாமி மகளைக் கூப்பிட்டு, "தாயி, இனிமே அவன் உனக்கு அண்ணன். வேற நெனப்பு வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வேறு நினைப்பு வேண்டாம் என்றால் விட்டுப்போகிற நினைப்பா அது? மாரித்தாய் எம். புதுப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை உக்கிரபாண்டி பட்டாசுக் கம்பெனிகளில் லோடு ஏற்றி விருதுநகர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிற லாரிக்காரன். வீட்டில் கரிசல் காடும் உண்டு. போன சீசனில், லாரி சூடாகிவிட்டது என்று பள்ளிக்கூடக் கிணற்றில் தண்ணீர் கேட்டு வந்தான். அப்புறம் அந்த லாரி வாரத்தில் மூன்று நாள் அதே இடத்தில் சூடாகியது. ஒரு வருஷம் இப்படி ஓடி, ஒருநாள் அவன், "டீச்சர், எங்க வீட்டுல இருந்து வந்து கேட்டா ஒங்களுக்குச் சம்மதமா?" என்றான். அவள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, "வரச் சொல்லுங்க" என்றாள். இவ்வளவுதான் அவர்கள் காதல். அதையும் அண்ணன் தங்கச்சி என்று ஆக்கிவிட்டால் எப்படி இருக்கும்?

மறுவாரம் லாரி வந்து நின்றது. அவன் இறங்கவில்லை.

"டீச்சர், ஆடி வரைக்கும் ஒண்ணும் செய்ய மாட்டாக. ஆவணி பிறந்ததும் வேற இடம் பாக்கணும்னு வீட்டுல சொல்லிட்டாக."

"அப்ப ஆடி மாசம் முழுக்க நம்ம கையில இருக்கு" என்றாள் மாரித்தாய்.

"இருந்து என்ன செய்ய?"

"பிடிமண் எடுத்துட்டு வந்தது யாருன்னு யாருக்காச்சும் பேரு தெரியுமா? பூசாரிக்குத் தெரியாது. எங்கய்யாவுக்கும் தெரியாது. பேரு தெரியாத ஒரு ஆளை நம்பி நான் எதுக்கு ஒங்களை அண்ணன்னு சொல்லணும்?"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு அவளுக்கே அது நியாயமாகப் பட்டது.

வீட்டில் விசாரித்தாள். கண்ணுச்சாமிக்குத் தாத்தா பேர் தெரியும், தாத்தாவின் தகப்பன் வீரணன் என்று தெரியும். அதற்கு மேலே இருட்டு. வீரணன் காலத்துப் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. திறந்தால் உள்ளே பாதி ஓலை, பாதி கரையான் மண். கோயிலுக்கு மானியமாக இரண்டு குறுக்கம் கரிசல் இருப்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த நிலத்தை யார் விட்டது என்று கேட்டால், "அது அந்தக் காலத்துல இருந்து இருக்கு" என்றார் கண்ணுச்சாமி. எந்தக் காலத்திலிருந்து என்றால் அவருக்குக் கோபம் வந்தது.

துணைக்கு வந்தது அத்தை ராக்காயி. கண்ணுச்சாமியின் அக்கா, இருபத்திரண்டு வயசில் தாலி இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். வாய் மட்டும் நாலு பேருக்குக் காணும். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் சாத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். அங்கே செட்டில்மெண்ட் ரிஜிஸ்டரில் அந்த இரண்டு குறுக்கம் இருந்தது. அய்யனார் கோயில் மானியம் என்று எழுதி, ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டய நம்பர்.

"இந்த நம்பருக்கு உண்டான காயிதம் எங்க இருக்கும் சார்?"

"அது இங்க இருக்காதும்மா. தொள்ளாயிரத்துப் பத்து வரைக்கும் சாத்தூரே திருநெல்வேலி ஜில்லாதான? அதுக்கு முந்தின கட்டெல்லாம் அங்கதான் கெடக்கும்."

அடுத்த சனிக்கிழமை திருநெல்வேலி ரயில். ராக்காயி கட்டுச்சோறு கொண்டுவந்தாள், கோவில்பட்டி வருவதற்குள் அதைத் தீர்த்துவிட்டு, "காயிதத்துல இல்லேன்னா என்ன செய்வ?" என்று கேட்டாள். மாரித்தாய் காலிப் பாத்திரத்தை மூடி வைத்தாள். இல்லையென்றால் என்ன செய்வது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

ரிக்கார்டு அறையில் பலவேசம் என்று ஒரு குமாஸ்தா. ஒரு நூற்றாண்டுத் தூசியை மூக்கில் வாங்கிய மனுஷர், பேசுவதைவிடத் தும்முவது அதிகம். மனுவை வாங்கிப் பார்த்தவர் கொஞ்சம் உற்சாகமாகிவிட்டார். இப்படி ஒரு காரியத்துக்கு யாரும் அங்கே வந்ததில்லையாம். வெள்ளைக்காரன் காலத்தில், ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளில், மானிய நிலத்துக்கெல்லாம் கணக்கெடுத்தார்கள், யார் விட்டது, யாருக்கு விட்டது, இப்போது யார் அனுபவிப்பது என்று ஊர் ஊராக வாக்குமூலம் வாங்கினார்கள் என்று விளக்கினார். ஏணி போட்டு ஏறி ஒரு கட்டை இறக்கினார்.

கருவேலம்பட்டி வீரணன், வயது முப்பத்து நாலு. தகப்பனாரின் வாயில் பேராக மட்டும் இருந்த மனுஷன், வயசோடு எதிரே வந்து நிற்கிறான்.

"என் தகப்பன் சங்கன், நான் கைப்பிள்ளையாக இருக்கையில் காலமானார். மேற்படி கோயிலை உண்டாக்கியது" என்பது வரைக்கும் எழுத்து இருந்தது. அதற்குக் கீழே ஓட்டைதான் இருந்தது. சரியாக அந்த இடத்தில் கரையான் சாப்பிட்டிருந்தது.

ராக்காயி கரையானின் ஏழு தலைமுறையையும் வைதாள். மாரித்தாய் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழக்கூடாது என்று நினைத்தாள்; கண் கேட்கவில்லை.

பலவேசம் இரண்டு தும்மல் போட்டார். "அழாதீங்க டீச்சர். ஓரத்தைப் பாருங்க, 'நிலம் விட்டது உப்போடையார்'னு இருக்கு. வாங்கினவன்கிட்ட வாக்குமூலம் வாங்குன மாதிரி, விட்டவன்கிட்டயும் வாங்கியிருப்பாங்கல்லா? அந்த ஊருக் கட்டையும் பாத்துருவோம்."

உப்போடைக் கட்டு இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. அதைக் கரையான் தொடவில்லை. மாரித்தாய் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். வாசித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். மூன்றாம் தடவை ராக்காயிக்குக் கேட்கும்படி வாசித்தாள்.

ராக்காயி, "அடியே, அவன் ஒனக்கு முறை மாப்பிள்ளைடி" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முத்திரை போட்ட நகல் கைக்கு வந்தபோது ஆடி முடிய நாலு நாள் இருந்தது. கடைசி வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டாரும் உப்போடைக் கோயிலில் கூடுவது என்று உக்கிரபாண்டி பேசி முடித்தான். கண்ணுச்சாமி அரைமனசாக வந்தார். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று மகள் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

பகல் பதினோரு மணி. வேப்ப மரத்தடியில் ஐம்பது அறுபது பேர். உக்கிரபாண்டியின் முன்னோர் கொடுத்த வாக்குமூலத்தை மாரித்தாய் பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற குரலில் வாசித்தாள்:

"கருவேலம்பட்டிச் சங்கனுக்கு வாழ்க்கைப்பட்ட எங்களுடன் பிறந்த குருவம்மாள், சங்கனும் அவன் அண்ணன் தம்பிமாரும் பேதி கண்டு இறந்துபோக, கைப்பிள்ளையோடு தனித்து நின்றாள். அழைத்தும் வர மறுத்து, எங்கள் கோயில் மண்ணை ஒரு பிடி வாங்கிப்போய் அங்கே வைத்துக் கும்பிட்டுப் பிள்ளையை வளர்த்தாள். அவள் பூசைக்காக எங்கள் தகப்பனார் இரண்டு குறுக்கம் கரிசல் விட்டுக்கொடுத்தார். சங்கன் வகையறாவுக்குக் குலசாமி வேறு. இது உண்மை. சாட்சி, பூசாரி பெத்தணன், கீறல்."

"யாரு?" என்றார் பெத்தணன்.

"ஒங்க பூட்டனாராத்தான் இருக்கணும். அவுக பேரைத்தான் ஒங்களுக்கு விட்டிருக்காக."

பூசாரி நகலை வாங்கிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாது, ஆனால் கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லி, அதைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப மண்ணு போனது பொம்பளைப் பிள்ளை மடியில. குருவம்மா பிள்ளை வழி அவுக, குருவம்மா கூடப் பிறந்தவன் வழி இவுக. இது பங்காளி இல்லப்பா. மாமன் மச்சான்" என்றார்.

உக்கிரபாண்டி பக்கத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கிளம்பியது. அது பரவுவதற்குள் கண்ணுச்சாமி எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"நிறுத்துங்கப்பா. பொம்பளை பிடிமண் எடுத்தான்னு எங்கயாச்சும் உண்டா? அதுவும் தாலி அறுத்தவ. எங்க குலசாமி அப்படித்தான் வந்துச்சுன்னு ஊருக்குள்ள சொல்லிட்டுத் திரியச் சொல்றீகளா? வெள்ளைக்காரன் காயிதம் என்ன வேணும்னாலும் எழுதும்."

மாரித்தாய் தகப்பனாரையே பார்த்தாள். எல்லாம் வந்து சேர்ந்து, தன் தகப்பனாலேயே போகப்போகிறது. உக்கிரபாண்டி தரையைப் பார்த்தான்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ராக்காயி பேசினாள். "ஏலே கண்ணு. வருசா வருசம் மாசிக் களரிப் பூசைக்கு நம்ம மண்மேடைக்கு என்ன சாத்துறோம்?"

"சேலை. அய்யனார் சம்சாரம் பூரணிக்கும் புஷ்கலைக்கும்."

"என்ன சேலை?"

கண்ணுச்சாமி வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

"நீதானலே வருசம் தவறாம விருதுநகர் போயி வாங்கிட்டு வர்ற. கரையில்லாத வெள்ளைச் சேலை. புருசனோட இருக்கிற அம்மனுக்கு எவனாச்சும் வெள்ளைச் சேலை சாத்துவானா? வீரணன் அவுக ஆத்தாளுக்குச் சாத்துனது அது. அவன் மகன் சாத்தினான், அவன் மகன் சாத்தினான், நீயும் சாத்துற. யாருக்குன்னு மட்டும் ஒருத்தனும் கேக்கல." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. தான் கட்டியிருந்த வெள்ளைச் சேலையின் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். எந்த இழவு வீட்டிலும் அழாத ராக்காயி அன்றைக்குத்தான் அழுதாள்.

கண்ணுச்சாமி உட்காரவும் இல்லை, நடக்கவும் இல்லை. நாற்பது வருஷம் கண்ணில் பட்டும் தெரியாத ஒன்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்தது. அது அவரை என்னமோ செய்தது என்பது மாரித்தாய்க்கு அவர் கழுத்து நரம்பைப் பார்த்தே புரிந்தது.

பெத்தணன் கோயிலுக்குள் போனார். சூடம் காட்டி, திருநீற்றுத் தட்டோடு வாசலுக்கு வந்தார். உப்போடையில் திருநீறு வகையறாப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கொடுப்பது. கூப்பிட்ட வகையறாவில் மூத்த ஆம்பளை முன்னால் போய் வாங்க வேண்டும். அவர் குரலை உயர்த்தினார்.

"குருவம்மாள் வகையறா! வாங்க."

அந்தப் பேரை அந்த வாசலில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கருவேலம்பட்டிக்காரர்கள் அத்தனை பேரும் கண்ணுச்சாமியைப் பார்த்தார்கள். அவர் நகர்ந்தால் கல்யாணம் உண்டு, நகராவிட்டால் இல்லை.

கண்ணுச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு எட்டு முன்னால் வைத்தார். பிறகு நின்று, திரும்பி, கூட்டத்தின் கடைசியைப் பார்த்தார்.

"அக்கா, நீதான் மூத்தவ. நீ போ."

ராக்காயி, "நானாலே?" என்றாள். நல்ல காரியம் நடக்கிற எந்த இடத்திலும் முப்பது வருஷமாக அவள் முன்னால் நின்றதில்லை. வழி விலகியது. அவள் போனாள். பெத்தணன் தட்டிலிருந்து அள்ளி, அவள் கை நிறையப் போட்டார்.

அவள் தன் நெற்றிக்குப் பூசவில்லை. நேரே மாரித்தாயிடம் வந்து, கட்டைவிரலால் அழுத்திப் பூசிவிட்டு, "மாமன் மகனைக் கட்டிக்கிட்டு நல்லா இரு" என்றாள்.