வாசல் விட்ட கட்டங்கள்

பஸ் டிப்போ மைதானத்தில் வெள்ளைப் பெயிண்டால் போட்ட நூற்றுப்பன்னிரண்டு கட்டங்களுக்குள் மட்டும் அந்த வருஷம் மழை பெய்யவில்லை. சுற்றிலும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கட்டத்துக்குள் படுத்திருந்தவர்களின் தலையணைகூட நனையவில்லை. மாநகராட்சி இதைக் கோப்பில் ‘வடிகால் வசதி திருப்திகரம்’ என்று எழுதிக்கொண்டது.

அது காய்ச்சல் வருஷம். எல்லாரும் வீட்டோடு இருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. வீடில்லாதவர்களைப் பார்த்தும் அதையேதான் சொன்னது. தபாலாபீஸ் நடைபாதையில் பைகளுக்கு ஜிப் மாற்றித்தரும் ஜிப்புக்காரம்மா வண்டியை நிறுத்தி, “இருக்கேன் சார், தாராளமா இருக்கேன். சாவியக் குடுங்க” என்றாள். அதற்குச் சுற்றறிக்கையில் பதில் இல்லை. வண்டியில் இருந்த சுகாதார ஆய்வாளர் தலையைச் சொறிந்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, மனுஷர் மூன்று நாளாகத் தூங்கவில்லை. ஊரில் ஓட்டல் அறைகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. அவற்றைக் கேட்க மேலிடத்துக்கு வாய் எழவில்லை. அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை நுழையாது அல்லவா! கடைசியில் ஓர் உத்தரவு வந்தது. ஆறடிக்கு எட்டடியில் கட்டம் போடு, குடும்பத்துக்கு ஒன்று, உள்ளே உட்கார வை.

சாலையில் கோடு போடுகிறவர் ஒரே பகலில் போட்டு முடித்தார். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டரை அடி கோடு போடாமல் விட்டிருந்தார். ஆய்வாளருக்குக் கோபம் வந்தது.

“என்னய்யா, பெயிண்ட் தீந்துபோச்சா?”

“வாசல் சார்.”

“கோட்டுக்கு எதுக்குய்யா வாசல்?”

“நாலு பக்கமும் அடைச்சா அது சமாதி சார். உசுரோட இருக்கறவங்களுக்கு நான் அப்படிப் போடமாட்டேன்.”

பதினேழாம் நாள் முதல் மழை வந்தபோதுதான் சுவர் இருப்பது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாது, முழங்கைக்குத் தெரியும். விட்டுவைத்த இரண்டரை அடி வழியாகத்தான் யாரும் போய்வர முடிந்தது. ஜிப்புக்காரம்மா காற்றில் ஆணி அடித்துப் பையை மாட்டினாள். வாசலில் போர்வையைத் தொங்கவிட்டாள். அதன்பிறகு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் போர்வைதான் தெரிந்தது. தெருவுக்கு வந்த பதினோரு வருஷத்தில் முதல்முறையாக யார் கண்ணிலும் படாமல் உடை மாற்றினாள். அன்றைக்கு அழுதாளாம். அழாமல் என்ன செய்வாள்? அவள் புருஷனுக்கும் காய்ச்சல் வந்தது. பிழைத்தார், ஆனால் நெஞ்சு பாதியாகிவிட்டது. இனி ஒரு தடவை மழையில் நனைந்தால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காய்ச்சல் ஓய்ந்ததும் மேலிடத்துக்குப் பஸ்களின் ஞாபகம் வந்தது. கோடு போட்டவரையே கறுப்புப் பெயிண்டோடு அனுப்பினார்கள். சம்பளக்காரர், பாவம், வாசல் வாசலாக நின்று “மன்னிச்சுக்கங்க” என்று சொல்லிச் சொல்லி நூற்றுப்பன்னிரண்டையும் அழித்தார். மறுநாள் காலை தூறலில் லாரியோடு வந்த ஆய்வாளர், ஜிப்புக்காரம்மாவின் சாமான்களை அள்ள நேராக நடந்துபோய் மூக்கை இடித்துக்கொண்டார். ரத்தம் வந்தது. மூக்கைப் பிடித்தபடி சுவரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். போர்வையை விலக்கக் கை நீண்டது, பாதியில் நின்றது. அவளை ஆறு நடைபாதைகளிலிருந்து எழுப்பி விரட்டியவர் அவர். ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டு வந்ததில்லை. தொண்டையைச் செருமினார்.

“அம்மா, உள்ள வரலாமா?”

உள்ளே இருமல் கேட்டது. அது அடங்கியதும் அவள் போர்வைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

“அவரு இப்பதான் கண் அசர்றாரு. நாளைக்கு வாங்க.”

“சரிம்மா” என்று லாரியைத் திருப்பி அனுப்பினார். மறுநாளும் வந்து கேட்டார், மறுநாளும் அதே பதில். பதினான்கு வருஷமாகிறது. பஸ்கள் மைதானத்துக்கு வெளியே சாலையோரம் நின்று பழகிவிட்டன. புருஷன் இன்னும் இருமுகிறார், ஆனால் நனையவில்லை. போன மாதம் ஆய்வாளர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவரை மைதானத்துக்குக் கூட்டிப்போய், யார் வீட்டு வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது, எங்கே நின்று கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.