பூவிழி இறங்கிய சுரம்

கீழ்வேளூர் தாலுகா ஓடைமங்கலத்தின் மேலத்தெருவில் இருபத்து மூன்று வீடுகள், 2021 நவம்பர் முதல் தரைக்கு இரண்டரை அடி மேலே நிற்கின்றன. கீழே தூண் கிடையாது. கோழிகள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருகின்றன.

அந்தத் தெருவில்தான் கணக்கு டீச்சர் மதிவதனி இருக்கிறாள். தஞ்சாவூரில் மூடப்பட்ட ஒரு பள்ளியிலிருந்து பழைய பியானோவை வாங்கி டிராக்டரில் கொண்டுவந்து கூடத்தில் வைத்திருந்தாள். அவள் நாத்தனார் பூவிழி நாலு மா நிலம் குத்தகைக்கு எடுத்து நட்டு வந்தாள். பூவிழிக்கு ஒரு நடவுப் பாட்டு உண்டு. அதன் முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு சுரம் வழக்கத்தைவிட அரைப்படி கீழே இறங்கும். அபசுரம் என்று ஒன்பதாம் வகுப்பில் பாட்டுக் குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வயலில் மட்டுமே பாடினாள். அக்டோபரில் ஒரு மாலை அவளைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லி, மதிவதனி அடியில் கார்ட் வைத்துப் பார்த்தாள். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் குரலுக்குக் கீழே தரை போட்டதுபோல் இருக்கும். முதல் வரிக்கு சி கார்ட். வீடு நான்கு விரற்கடை எழுந்தது. அடுத்ததற்கு எஃப், ஒரு சாண். பூவிழி ஜன்னலில் எட்டிப் பார்த்து, ஆமாம், எழுந்திருக்கு என்றாள். முடிவுக்கு முன்னால் புத்தகத்தில் சொன்னபடி ஜி வைத்தபோது வீடு தெற்கே சாய்ந்து தொப்பென்று இறங்கியது. சுவரில் விரிசல். அடுத்த வீட்டுத் தங்கம்மாளின் இட்லி மாவு கொட்டிப்போனது. அந்த ஒரு சுரத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றிப் பாடேன் என்று மதிவதனி கேட்டாள். பூவிழி எழுந்து போனாள். மூன்று வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

நவம்பரில் ஏழு நாள் விடாமல் பெய்து, எட்டாம் நாள் காலையில் ஆற்றுக்கரை உடைந்தது. மின்சாரம் இல்லை, படகு வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். தங்கம்மாளின் மகள் பிரசவித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கட்டிலில் நின்றார்கள். பூவிழி நீந்தாத குறையாக வந்து பியானோவுக்குப் பக்கத்தில் நின்றாள். மதிவதனி கட்டைகளில் கை வைத்தாள். பூவிழி பாடினாள், வீடு எழுந்தது, ஜி வந்ததும் மறுபடி சாய்ந்தது. பூவிழி பாட்டை நிறுத்தினாள்.

"அண்ணி, நான் எறங்குற எடத்துல நீங்க மேலயே நிக்கிறீங்க. என்கூட எறங்கி வாங்க."

மதிவதனி கட்டைகளைப் பார்த்தாள். ஜி கார்டில் இருந்த வெள்ளைக் கட்டை ஒன்று பூவிழியின் சுரத்தோடு உரசிக்கொண்டிருந்தது. பூவிழி நின்றது அதற்கு அரைப்படி கீழே, கறுப்புக் கட்டையில். இத்தனை நாளும் தப்பு எங்கே இருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கறுப்புக் கட்டையையே அடியாக வைத்து, மேலே டி, எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தினாள்.

"நீ பாடுனதுதான் சரி, பூவிழி. நாந்தான் தப்பா வச்சிருக்கேன்."

வீடு நேராகி, வாசற்படியில் தண்ணீரை உதறிவிட்டு எழுந்தது. சுவருக்கு அப்பால் தங்கம்மாள் பாட்டை எடுத்தாள். அவள் வீடு எழுந்தது. பிறகு எதிர் வீடு, கடைசி வீடு. அரைப்படி இறங்கும் இடத்தில் தெரு முழுவதும் பூவிழியைப் போலவே இறங்கியது, யாரும் ஏற்றிப் பாடவில்லை. வெள்ளம் மாலை வரை அடியில் ஓடியது. அவர்கள் பாட்டை நிறுத்திய பிறகும் வீடுகள் இறங்கவில்லை.

மறு வருஷம் பூம்புகார்ப் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். டிராக்டரில் பியானோவை ஏற்றிக்கொண்டு இருவரும் போனார்கள். அங்கே வலை இழுக்கும் பாட்டு. அது வேறு மாதிரி இறங்கியது, வேறு கார்ட் வேண்டியிருந்தது. பூவிழி முதலில் அவர்களைப் பாடவிட்டுக் கேட்டாள். இரண்டு நாளில் குப்பம் முழுவதும் எழுந்தது. மணலில் கால் வைத்து இறங்கத் தோதாக ஆளுக்கொரு ஏணி செய்துகொண்டார்கள்.