துணி கட்டிய வால்வு

"அவ குழாய்ல அருவி மாதிரி கொட்டுது, என் குழாய்ல நூல் மாதிரி இழையுது. இது என்ன நியாயம்?"

மூத்தவள் கேட்டது சமையலறைச் சுவரிடம். கீழ் வீட்டு ஓர்ப்படியிடம் நேரில் கேட்க வாய் வரவில்லை. காலையிலிருந்து அங்கே துணி அலசும் சத்தம் ஓயவே இல்லை.

அண்ணன் குடும்பம் மாடியில், தம்பி குடும்பம் கீழே. இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும் மாமியாரும் கீழேதான். தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் பொது. தெருக்குழாய்த் தண்ணீர் வாசலோரத் தரைத்தொட்டியில் விழும். மோட்டார் போட்டால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும். அங்கிருந்து வீட்டுக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள் இறங்கும். ஆளுக்கொரு வால்வு.

"கொஞ்சமாத் திருகி வைப்போம். அவளுக்குக் குறைஞ்சா நமக்கு வராமலா போகும்?" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மூத்தவள் மொட்டைமாடி ஏறினாள்.

கீழ் வீட்டு வால்வு துருப்பிடித்துக் கிடந்தது. இடுப்பில் செருகியிருந்த அடுப்புத் துணியைக் கைப்பிடியில் இறுக்கிக் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். அசையாமல் அடம்பிடித்தது, அசைந்த பிறகு நிற்கவில்லை. கடைசிவரை போய் மூடிக்கொண்டது. பதறிப்போய் எதிர்ப்பக்கம் திருகினாள். இம்மி நகரவில்லை.

"அக்கா! மேல உங்களுக்குத் தண்ணி வருதா?" கீழேயிருந்து இளையவளின் குரல்.

கட்டிய துணியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடிவந்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தாள்.

"எனக்கா? எப்பவும் போலச் சொட்டுது."

"இங்க அதுவும் நின்னுபோச்சு. அத்தையோட போர்வை சோப்புல ஊறுதுக்கா. பாவம், அவங்களால அடக்க முடியலை. அலச அலச அடுத்தது வந்துடுது."

இத்தனை நாள் மூத்தவள் கரித்துக் கொட்டிய சத்தம் இந்தச் சத்தம்தானா? மாமியார் விழுந்ததிலிருந்து அவள் செய்ததெல்லாம், வாசற்படியில் நின்றபடியே "எப்படி இருக்கீங்க அத்தை?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியதுதான்.

'சொல்லிடு. இப்பவே சொல்லிடு' என்றது மனசு. 'அத்தை காதுல விழுந்தா?' என்றது அதே மனசு. சுவரிலிருந்து பின்வாங்கினாள்.

இளையவள் தரைத்தொட்டி மூடியைத் தூக்கி, வாளியில் கயிறு கட்டி இறைக்க ஆரம்பித்தாள். இறைத்த முதல் குடம் இடுப்பில் ஏறி, மூச்சு வாங்க மாடிக்கு வந்து நின்றது.

"எதுக்கும்மா எனக்கு?"

"சொட்டுற தண்ணியில எப்படிச் சமைப்பீங்க? எங்க, அந்தக் குழாயைக் காட்டுங்க."

குழாய் வாயிலிருந்த வளையத்தை முந்தானையால் பிடித்துத் திருகினாள். கழன்று வந்த சின்ன வலையில் மணலும் துருவும் அப்பிக்கிடந்தன. தட்டி, அலசி, மாட்டித் திறந்தாள். தண்ணீர் பாத்திரம் கழுவும் தொட்டியில் மோதி இரண்டு பேர் மேலும் தெறித்தது.

"இதுக்காக்கா இத்தனை நாளும் அவஸ்தைப்பட்டீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான்... கீழ நீ நிறையப் பிடிக்கிறதால இங்க குறையுதுன்னு நினைச்சேன்."

"தொட்டி நிறைஞ்சிருக்கும்போது எப்படிக் குறையும்? எங்க குழாய் ரொம்பக் கீழ இருக்கு, அவ்வளவு உயரத்திலேருந்து விழுது, அதான் அந்த வேகம். உங்களுக்குத் தொட்டி தலைக்கு மேலயே உட்கார்ந்திருக்கே!" என்று சிரித்தாள். "சரி, மேல போய் எங்க வால்வைப் பாத்துட்டு வரேன்."

"வேண்டாம், வெயிலா இருக்கு," என்றாள் மூத்தவள். சொல்லி முடிப்பதற்குள் அவள் படி ஏறிவிட்டாள்.

மேலே இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கீழ் வீட்டுக் குழாய் இருமி, கனைத்து, வாளியில் கொட்டத் தொடங்கியது. இறங்கி வந்த இளையவளின் கையில் அந்த அடுப்புத் துணி. முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"இந்தாங்கக்கா. காத்துல பறந்து மாடிக்குப் போயிருக்கு."

துணியில் முடிச்சு இன்னும் அவிழவில்லை. வாங்கினால் தப்பித்துவிடலாம். மூத்தவள் கை நீட்டவில்லை.

"முடிச்சுப் போட்ட துணி எங்கேயாவது பறக்குமா?"

இளையவள் தரையைப் பார்த்தாள். "பறக்காது. ஆனா அத்தை கேட்டா, பறந்துதுன்னுதான் சொல்லுவேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மூத்தவளுக்கு.

"என்னடி, ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்சீங்களா?" கீழே கட்டிலிலிருந்து மாமியார். "திடீர்னு எப்படி வந்துது தண்ணி?"

"துரு அத்தை..." என்று ஆரம்பித்தாள் இளையவள்.

"துரு இல்லை அத்தை," என்று குறுக்கிட்டாள் மூத்தவள். "நான்தான் மூடினேன்."

கீழே வாளி நிரம்பி வழிந்தது.

"சரி," என்றது கட்டிலிலிருந்து அந்தக் குரல். "போர்வை ஊறிக்கிட்டே கிடக்கு. மூடின கை வந்து அலசட்டும்."

மூத்தவள் தலை நிமிராமல் படி இறங்கினாள். போர்வையை விரித்துக் குழாயடியில் பிடித்தாள். தண்ணீர் வேகமாகத்தான் வந்தது. முதுகுக்குப் பின்னால் கட்டிலிலிருந்து மாமியார் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது, அவள் திரும்பவில்லை.