கோபித்துக்கொண்டு போனவரின் வீடு

அந்த வீட்டுப் படியேறும்முன் இஸ்திரி அக்கா தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். உடம்பு சரியில்லாத தோழியைப் பார்க்கப் போவதாக மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் சொன்ன பொய். மகள் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தாள்.

ஓட்டல் விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவை ஆலையில் அவளுக்கு வேலை. துண்டு களவு போகிறதாம், அதனால் வேலை முடியும்வரை கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். துண்டுக்கு இருக்கிற மதிப்பு ஆளுக்கு இல்லை. போன வாரம் நீராவிக் குழாய் வெடித்தபோது எல்லோரும் அந்தக் கதவைத்தான் கை வீங்கத் தட்டினார்கள். சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அன்றிலிருந்துதான் சிவப்புக் கொடிக்காரர்களின் அமைப்பில் சேரலாமா என்ற எண்ணம். சேர்ந்தது தெரிந்தால் வேலை போய்விடும். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது, மகள் படிக்கிறாள்.

ஆலை வாசலுக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரர்தான் அமைப்பின் ஆள். ரவிக்கை அளவு கொடுக்கிற சாக்கில் போய்க் கேட்டாள்.

"எங்களோட சண்டை போட்டுட்டுப் போனவர் ஒருத்தர் இருக்கார், தாடின்னு கூப்பிடுவோம். அவர்கிட்ட கேளுங்க. எங்களைக் கிழி கிழின்னு கிழிப்பார். அப்பவும் சேரணும்னு தோணிச்சுன்னா வாங்க. புதுசா வர்ற எல்லாரையும் அங்கதான் அனுப்புறோம்" என்றார்.

தங்களைப் பற்றித் தங்கள் பகையாளியிடமே விசாரிக்கச் சொல்லும் மாப்பிள்ளை வீட்டாரை யாராவது பார்த்ததுண்டா? அந்த நேர்மைதான் அவளை இந்தப் படிவரை இழுத்து வந்தது.

தையல்காரர் சொன்னபடியே தாடி கிழித்தார். "துண்டறிக்கையில எந்த வார்த்தை முதல்ல வரணும்னு மணிக்கணக்கா மல்லுக்கட்டுவாங்கம்மா. எனக்கு வேலை போனப்ப வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க ஒருத்தனுக்கும் நேரமில்லை."

அப்பாடா, சேர வேண்டாம் என்று அவளுக்கு மூச்சு சீரானது.

"எந்தப் பிரிவும்மா நீங்க? பேரு?"

"சொல்லாதீங்க!" டீ கொண்டுவந்த அவர் மனைவி டம்ளரை நங்கென்று வைத்தாள். "போன மாசம் வந்த துவைக்கிற பொண்ணுங்க ரெண்டு பேரும் இதே நாற்காலியில உட்கார்ந்துதான் பேரைச் சொன்னாங்க."

அந்த இருவரையும் மறுவாரமே காரணம் சொல்லாமல் நிறுத்தியது இஸ்திரி அக்காவுக்குத் தெரியும். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

தாடி தரையைப் பார்த்தார். "ஆலையில திரும்ப வேலை தர்றேன்னு மேனேஜர் சொல்லியிருக்கார்... நீங்க வாயைத் திறக்காம போயிடுங்கம்மா. நீங்க வரவே இல்லை, நான் பார்க்கவே இல்லை."

மனைவி படிவரை வந்தாள். "நான் வீட்ல இருந்ததால தப்பிச்சீங்க. இப்ப நானும் வேலைக்குக் கிளம்பணும்."

தெருவில் இறங்கியதும் நமக்கென்ன என்று நாலு அடி வீட்டுப் பக்கம் நடந்தாள். வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும். மூடாவிட்டால் தாடி சும்மா இருப்பாரா?

"நீங்க சேர்ந்தா நானும் சேருவேன்க்கா" என்று ஆலையில் விரிப்பு மடிக்கும் மடிப்புக்காரி சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டில் கைக்குழந்தை இருப்பவள். அன்று அந்தக் கதவை இவள் பக்கத்தில் நின்றுதான் தட்டினாள். அவள் போய்க் கேட்டாலும் அந்த வெள்ளந்தித் தையல்காரர் இங்கேதான் அனுப்புவார். நினைத்ததுமே இஸ்திரி அக்கா தையல் கடைப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை; கடையில் தையல் கிடையாது, அமைப்பின் கூட்டம் மட்டும்தான். யார் நுழைகிறார்கள் என்று பார்ப்பதற்கென்றே ஆலை வாசலில் காவலாளி உட்கார்ந்திருப்பான்.

"என்னக்கா, லீவு நாள்ல இந்தப் பக்கம்?"

குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் போனாள்.

"போனீங்களா? என்ன முடிவு பண்ணீங்க?" என்றார் தையல்காரர்.

"முடிவு கெடக்கட்டும்ணே. இனிமே யாரையும் அங்க அனுப்பாதீங்க. போறவங்க பேரெல்லாம் மேனேஜருக்குப் போகுது."

அவர் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ, மடிப்புக்காரப் பொண்ணு இப்பத்தானே கேட்டுட்டுக் கிளம்பினா. குறுக்குச் சந்து வழியா..."

குடையைப் போட்டுவிட்டு ஓடினாள். காவலாளி எழுந்து நின்று பார்த்தான். இனி இவள் பேரை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பயம் கொஞ்சமும் குறையவில்லை. அப்படியும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி மடிப்புக்காரியைக் கூவிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.