முப்பத்தொன்பது டிகிரிக் கடல்

எங்கள் ஸ்ட்ராண்டிர் கரையில் கடல் முப்பத்தொன்பது டிகிரி சுட்ட அன்று நான் அங்கேதான் இருந்தேன். ஐஸ்லாந்தில் இதை நம்பாதவர்கள் தலைநகரத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள். அவர்களோடு நான் பேசுவதில்லை.

குளிர் தொடங்கும் முன் ஸ்டெய்ன்வோர் என்ற கடலாய்வுப் பெண் என் படகிலிருந்து மிதவைகளை இறக்கினாள். ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவுக்கு வெள்ளை உருண்டை. காற்றோடு ஓடாமல் நீரோட்டத்தோடு போவதற்காக அடியில் நீளமான துணிக்குழாய். தான் இருக்கும் இடத்தையும் தண்ணீரின் சூட்டையும் உருண்டை சாட்டிலைட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பனிக்கட்டி நசுக்கியது போக மிஞ்சியது ஒன்றே ஒன்று.

கிரௌஸ்லெப்பா மீன்பிடிப்பு தொடங்குவதற்கு முதல் நாள் காலை. என் சமையலறையில் மடிக்கணினியைத் திறந்த ஸ்டெய்ன்வோர் வாய்க்குக் கொண்டுபோன காபியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்கிமார், கடல் முப்பத்தொன்பது டிகிரி!"

"நேத்து எவ்வளவு?"

"ஒன்றரை!"

"சரி, காபி ஆறுது. குடி."

அடியில் எரிமலை விழித்திருந்தால் வளைகுடாவையே மூடிவிடுவார்கள். வருஷம் முழுக்க எங்கள் ஊர் சாப்பிடுவது அந்த ஒரு மீனை நம்பித்தான். படகுகளை விடலாமா என்று மத்தியானத்துக்குள் மீன்வள அமைச்சகத்துக்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

"நகரவே மாட்டேங்குது, நின்ன எடத்துலயே சுத்துது," என்றாள். உடனே அலறினாள். "ஐயோ, பாரு! திடீர்னு ஒரே குதி! எவனோ தூக்கிப் போட்ட மாதிரி!"

செய்தி எங்களுக்கு முன்னே ஊருக்குப் போய்விட்டது. கடற்பறவைகள் தண்ணீரில் உட்காரப் பயந்து வானத்திலேயே நின்றன. என் மைத்துனன் ஹெர்முண்டூர் அவித்த உருளைக்கிழங்கும் வெண்ணெயுமாகக் கரையில் காத்திருந்தான்.

"மீன் வெந்து வரும்ல மச்சான்? உப்புகூடத் தேவையில்ல," என்றான்.

படகை எடுத்தோம். ஸ்டெய்ன்வோர் வழியெல்லாம் வெப்பமானியை இறக்கிப் பார்த்தாள். ஒன்றரை, ஒன்றரை, மறுபடியும் ஒன்றரை. திரையில் மிதவையின் புள்ளி கொஞ்சம் முன்னால் நின்றது. இன்னும் போனோம். படகின் மூக்கு கூழாங்கல்லில் போய் இடித்தது. புள்ளி இன்னும் முன்னால்தான் இருந்தது.

பாறைக்குப் பின்னால் வெள்ளையாக ஆவி எழும்பியது. அவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"எரிமலை!"

பாறையில் ஏறினோம். அந்தப் பக்கம் பண்ணைக்காரி பெர்க்தோராவின் வெந்நீர் ஊற்றுத் தொட்டி. கழுத்தளவு நீரில் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே எங்கள் பாதிரியார், கொழுத்த காளை அளவு மனிதர், மிதவையில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். துணிக்குழாய் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"அது என் மிதவை!"

"கத்தாத பொண்ணே," என்றாள் பெர்க்தோரா. "காலையில என் கரையில ஒதுங்குச்சு. கட்டையோ திமிங்கலமோ, ஒதுங்குனது கரைக்காரிக்கு. பாரு, பண்ணைக் குறியே செதுக்கிட்டேன்."

சட்டம் அவள் பக்கம்தான். ஸ்டெய்ன்வோருக்கும் அது தெரியும்.

பாதிரியார் மெதுவாகக் கண் விழித்தார். "இதுல கேமரா ஏதும் இருக்கா?"

"இல்ல. ஆனா நீங்க உள்ள இறங்குனது சாட்டிலைட்டுல தெரிஞ்சுது."

"கடவுளே!" என்று பாதிரியார் தலையோடு முங்கினார். தண்ணீர் வழிந்து என் பூட்ஸ் நனைந்தது.

அந்த நேரம் பார்த்து ஸ்டெய்ன்வோரின் போன் அடித்தது. அமைச்சகம்.

"கடல் ஒன்றரை டிகிரிதான். நானே அளந்தேன். படகுங்க போகலாம்," என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"முப்பத்தொன்பதா? அது எங்க பாதிரியார்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஊர்ப் படகுகள் எல்லாம் கிளம்பின. மிதவையும் என் படகில் வந்தது. பெர்க்தோரா தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

"கொண்டு போய்ப் போடு. நீரோட்டம் எங்க கொண்டுவந்து விடும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். துணிக்குழாயை மட்டும் மடித்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

ஹெர்முண்டூர் இன்னும் கரையில்தான் நின்றுகொண்டிருந்தான். கிழங்கு ஆறிவிட்டது என்று என்னைத் திட்டினான்.